மாமா விழாத இடம்

பிள்ளைகளா, போன தீபாவளிக்கு நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். வெடிப் பெட்டியைப் பிரித்து, சாமி படம் ஒட்டின வெடிகளை மட்டும் தனியே எடுத்து, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி லேபிளை உரித்துவிட்டுத்தான் உங்கள் கையில் கொடுத்தேன். நம் சூலக்கரைத் தெருப் பிள்ளைகள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "உங்கப்பா என்னடா, வெடிக்குச் சட்டையக் கழட்டிவிடுறாரு!" என்று ஒருத்தன் சொல்ல, சின்னவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பெரியவள்தான், "எதுக்குப்பா இப்படி?" என்று கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

பங்குனியில் இன்னொரு கேள்வி வந்தது. வருசா வருசம் காலண்டர்ச் சுருளோடு நம் வீட்டுக்கு வருகிற சிவகாசித் தாத்தா, எல்லார் வீட்டு விசேசத்துக்கும் வருகிறவர், சொந்த ஊர்க் கோயில் பொங்கலுக்கு மட்டும் ஏன் எட்டிப் பார்ப்பதில்லை?

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். வாயால் சொல்ல வந்தால் உங்கள் அம்மா நடுவில் புகுந்து திருத்துவாள், எனக்கும் கோர்வையாக வராது. அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

அப்போது எனக்கு எட்டு வயசு இருக்கும், ஒன்பதாகவும் இருக்கலாம். நம் ஊர் அச்சங்குளத்துக்குப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேருக்குக் கரிசல்காட்டு வெள்ளாமை. மீதிப் பேருக்கு வெடிக் கம்பெனி. மழை பொய்த்த வருசத்தில் அந்தக் காட்டுக்காரர்களுக்கும் வெடிக் கம்பெனிதான். நீங்கள் சிவகாசித் தாத்தா என்கிறவர் என் அம்மாவின் தம்பி, எனக்குத் தாய்மாமா. அப்போது அவரும் ஊரில்தான் இருந்தார். தினமும் காலையில் பஸ் ஏறிச் சிவகாசி அச்சாபீசுக்குப் போவார். லேபிள் வெட்டுகிற வேலை. பெரிய தாளில் வரிசை வரிசையாக லேபிள் அச்சாகி வரும். அதைக் கட்டாக அடுக்கி, மிசினுக்குள் தள்ளி, மேலே இருந்து கத்தியை இறக்க வேண்டும். தாள் ஒரு நூல் நகர்ந்தாலும் படத்தில் இருக்கிறவருக்குத் தலை போய்விடும்.

அந்த வருசம் ஊருக்கே தலைகால் புரியவில்லை. ஊர்ப் பெண்கள் பெரும்பாலும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த கம்பெனியில் புதுசாக ஒரு ஒற்றை வெடி போட்டார்கள். பெருவிரல் தண்டி இருக்கும், பொட்டென்று போகாது, தெருவையே உலுக்கும். அதன் மேல் ஒட்டும் லேபிளுக்கு என்ன படம் போடலாம் என்று யோசித்த முதலாளி, வேலைக்கு வருகிறவர்கள் மனசு குளிரட்டும் என்று, நம் ஊர்க் காளியம்மன் படத்தையே போடச் சொல்லிவிட்டார். பூசாரியிடம் சம்மதம் கேட்டு, ஆத்தாளை போட்டோ எடுத்துப் போய், ஓவியரை வைத்து வரைந்தார்கள். ஓவியர் ஆத்தாளைக் கொஞ்சம் சிவப்பாக்கிவிட்டார், மூக்குத்தியைப் பெரிசாக்கிவிட்டார் என்று ஒரு சின்னக் குறை மட்டும் இருந்தது. மற்றபடி ஊருக்குப் பெருமை தாங்கவில்லை. நம்ம ஆத்தா டெல்லிக்குப் போறா, பம்பாய்க்குப் போறா என்று பேச்சு.

என் அம்மாவும் லேபிள் ஒட்டுகிற செட்டில் இருந்தவள். முதல் நாள் பெண்கள் ஒவ்வொரு லேபிளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒட்டினார்களாம். பசைக் கையோடு ஒற்றி ஒருத்திக்கு இமையே ஒட்டிக்கொண்டதாம். சாயங்காலம் பார்த்தால் வேலை பாதிகூட ஓடவில்லை. மறுநாள் போர்மேன் வந்து கையெடுத்துக் கும்பிட்டு, "தாய்மாரே, கட்டுக்கு ஒருக்க ஒத்திக்கிட்டாப் போதும். ஆத்தா கோவிச்சுக்கிட மாட்டா, முதலாளி கோவிச்சுக்குவாரு" என்றாராம்.

மாமா ஒரு படி மேலே. ஆத்தா படம் வெட்டுகிற நாட்களில் அவர் கவுச்சி தொட மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மிசினுக்கு முன்னால் நிற்பார். "ஆத்தா கழுத்துல கத்தி விழாமப் பாத்துக்கிடுறதுதான் மருமகனே என் பொழப்பு" என்பார். சாமி இல்லை என்று பேசுகிற ஆள் இல்லை அவர். மனசில் தோன்றினது வாயில் நிற்காது, அவ்வளவுதான்.

தை மாசம் அவருக்குப் பரிசம் போட்டிருந்தது. பெண், கோயில் விழாக் கமிட்டித் தலைவருடைய மகள். தலைவருக்கு ஊரிலேயே பெரிய காடு. அச்சாபீஸ் பையனுக்குப் பெண் கொடுக்க அவருக்குப் பாதி மனசு. பெண்ணுக்கு முழு மனசு. வைகாசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. எனக்கு அவசரம். மாமாவைக் கட்டப் போகிறவள்தானே என்று அப்போதே அவளை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். "ஏலே, இப்பவே கூப்பிடாத, ஊரு சிரிக்கும்" என்று அதட்டுவாள். அதட்டிவிட்டு, கூப்பிட்டதற்குக் கூலியாக ஒரு துண்டு கருப்பட்டி மிட்டாய் தருவாள். அதனால் நான் ஒரு நாளைக்குப் பலமுறை கூப்பிட்டேன்.

பங்குனிப் பொங்கல் வந்தது. அன்று காலையில் ஆத்தா சப்பரத்தில் ஏறி ஊரைச் சுற்றி வருவாள். சப்பரம் யார் வாசலைத் தாண்டுகிறதோ அந்த வீட்டுக்காரர் வெடி போட வேண்டும். வெடி போடாத வாசல் ஆத்தாளுக்கு மரியாதை செய்யாத வாசல். அந்த வருசம் கம்பெனியில் இருந்து ஒரு லோடு வெடி ஊருக்கு இனாமாக வந்தது. வீட்டுக்கு ஒரு பெட்டி. எல்லாம் அந்தப் புது வெடி. எல்லாவற்றிலும் ஆத்தா முகம்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பக்கம் வெடிச் சத்தத்துக்குக் காதைப் பொத்தக் கூடாது. பொத்தினால் கேலி செய்வார்கள். வெளியூர் மாப்பிள்ளைதான் காதைப் பொத்துவான் என்று சொலவடை மாதிரிச் சொல்வார்கள். அதனால் எல்லாரும் விறைப்பாக நின்று வாங்குவோம். கோயில் தெருவுக்குள் சப்பரம் நுழைந்ததும் ரெண்டு பக்கமும் போட்டார்கள் பாருங்கள், வீட்டு ஓடு அதிர்ந்தது, நெஞ்சுக்குள் யாரோ குத்துவது போல் இருந்தது. மாமா சப்பரத்துக்கு முன்னால், வெடி நடுவிலேயே நடந்து வந்தார். புது மாப்பிள்ளை, மாமனார் பார்க்கிறார், காதைப் பொத்துவாரா?

கோயில் வாசலில் சப்பரத்தை இறக்கினார்கள். பெட்டிகள் தீர்ந்துவிட்டன. கொட்டுக்காரர்கள் மூச்சு வாங்க நிறுத்தினார்கள். புகை மெல்ல விலகியது. தெரு பூராவும் கிழிந்த தாள், செம்பருத்திப் பூவைக் கொட்டினது மாதிரி.

வெடிக்கு நடுவில் நின்றவனுக்குக் காது அடைத்துப் போயிருக்கும். தான் பேசுவது தனக்கே கேட்காது. ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு கத்துவான். மாமா என்னைப் பெத்த அய்யா பக்கம் திரும்பி, காதோடு காதாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அந்த அமைதியில், தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னார்:

"மச்சான், ஆத்தா மூஞ்சியில தீய வச்சுக் கிழிச்சிட்டு, கிழிஞ்ச மூஞ்சிய மிதிச்சுக்கிட்டே அவளக் கும்பிடப் போறமே, நமக்குக் கூறு இருக்கா?"

அய்யா மாமாவின் வாயைப் பொத்தப் பார்த்தார். மாமாவுக்கு எதற்கென்றே புரியவில்லை.

"என்னலே சொன்ன?" தலைவர் துண்டை உதறிக்கொண்டு வந்தார். "ஆத்தா சப்பரத்துல உக்காந்திருக்கா, அவ முன்னாடி என்ன பேச்சுலே அது?"

ஆத்தாளை உள்ளே கொண்டுபோகக் கூடாது, இதைத் தீர்த்துவிட்டுத்தான் பூசை என்று நாலு பேர் சத்தம் போட்டார்கள். அங்கேயே, கோயில் வாசலிலேயே கூடிவிட்டார்கள். சப்பரத்துக்குப் பின்னால் இருந்த பூசாரிக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அவர் முன்னே வந்து, "அவன் என்னதான் சொன்னான்?" என்று கேட்டார்.

பூசாரி யாரைப் பார்த்தாரோ அவர் பக்கத்து ஆளைக் கை காட்டினார்.

"என்ன சொன்னான்னு சொன்னாத்தானப்பா தெரியும்?"

"அத என் வாயால எப்படிச் சாமி சொல்ல?" என்றார் ஒருவர்.

"நீங்க சொல்லுங்க" என்று பூசாரி இன்னொருவர் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னா எனக்கும் சேத்துத் தெண்டம் போடுவீக."

பூசாரி தலையைச் சொறிந்தார். கடைசியில், சொன்னவனே சொல்லட்டும் என்று தலைவர் மாமா பக்கம் திரும்பினார். "நீ என்ன சொன்னன்னு சொல்லுலே."

மாமா காதைக் குடைந்துகொண்டு, "என்னது?" என்றார்.

"நீ சொன்னதச் சொல்லுலே!"

"இன்னொருக்கவா?"

"வேணாம், வேணாம்!" என்று பத்துப் பேர் கை நீட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

இப்படி, குற்றம் என்ன என்று யாரும் சொல்லாமலே விசாரணை நடந்தது. அய்யாதான் தலைவரிடம் மாமாவுக்குப் பரிந்து பேசினார். முறைக்கு அய்யாவுக்கும் தலைவர் மாமா. "அவனுக்குக் காது அடைச்சிருச்சு மாமா. மெல்லச் சொல்றதா நெனச்சுச் சொன்னது. சத்தம் கூடிப்போச்சு."

"அப்ப மெல்லச் சொன்னாச் சொல்லலாமா?" என்றார் தலைவர்.

இதற்குள் மாமாவுக்குக் காது கொஞ்சம் திறந்துவிட்டது போல. "மெல்லச் சொன்னாலும் ஆத்தாளுக்குக் கேட்டிருக்கும்ல?" என்றார். "அவ ஒண்ணும் சொல்லலையே. நீங்கதான் சொல்றீக."

அதோடு போயிற்று. தலைவர் முகம் கறுத்துவிட்டது. தீர்ப்பு ரொம்ப நேரம் எடுக்கவில்லை. ஆத்தா முன்னால், ஊர் பார்க்க, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். விழாவிட்டால் அவனோடு ஊருக்குக் கொள்வினை கொடுப்பினை கிடையாது. அதாவது, பெண் கொடுக்கவும் மாட்டோம், எடுக்கவும் மாட்டோம். இதைச் சொன்னது பெண்ணின் அப்பா. பெண் கோயில் சுவரோரம் மற்றப் பெண்களோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா அவளைப் பார்த்தார். எனக்கு எதிர்த்த கடையில் தொங்கின பலூனைப் பார்க்கத்தான் நேரம் இருந்தது.

அம்மா ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்தாள். "விழுந்துருடா தம்பி. விழுந்தாத் தேஞ்சா போயிருவ? எல்லாரும் விழுகுறதுதான?"

"ஆத்தாகிட்ட விழ எனக்கென்னக்கா? விழுறேன்" என்றார் மாமா. உண்மையாகவே சொன்னார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சப்பரத்துக்கு நேராக வந்து நின்றார். கையைத் தலைக்கு மேல் குவித்தார். குனிந்தார்.

குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

தரையைப் பார்த்தார். ஒரு எட்டு இடது பக்கம் நகர்ந்து பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "எங்கன விழ?" என்று கேட்டார்.

"என்னலே வெளாட்டு?"

"வெளாட்டு இல்ல மாமா. பாருங்க. இங்கன பூராம் ஆத்தா மூஞ்சியாக் கெடக்கு. எம் முட்டி அவ நெத்தியில படும், என் வயிறு அவ வாயில படும். அப்பறம் அதுக்கு ஒருக்க விழச் சொல்லுவீக. ஒரு சாண் எடம் காட்டுங்க, விழுந்துர்றேன்."

அப்போதுதான் ஊர் குனிந்து பார்த்தது. அதற்கு முன்னால் யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வெடித் தாள் வெடித் தாளாகத்தான் தெரிந்தது. இப்போது எல்லாம் ஆத்தாளாகிவிட்டது. அங்கே ஒரு கண், இங்கே பாதிக் கிரீடம், சூலம் பிடித்த கை, ஓவியர் பெரிசாக்கின அந்த மூக்குத்தி. தலைவர் தன் காலைப் பார்த்தார். குதிங்காலுக்கு அடியில் ஒரு உதடு. பதறிக் காலைத் தூக்கினார். தூக்கின காலை எங்கே வைப்பது? பக்கத்தில் நின்றவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். அவர் பிடித்தவரும் ஒற்றைக் காலில்தான் நின்றார். சப்பரம் தூக்கி வந்தவர்கள் பெருவிரலில் நின்றார்கள். இவ்வளவு நேரமும் தாண்டவம் ஆடின தெருவில், நடக்கத் தெரிந்த ஒரு ஆள் இல்லை.

"கூட்டிவிடுங்கப்பா, சீக்கிரம்" என்றார் தலைவர்.

வாசல் தெளிக்கிற அம்மாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். வந்து, தரையைப் பார்த்து, கையில் இருப்பதைப் பார்த்து, "வெளக்குமாத்தாலயா?" என்றாள். பாம்பைப் போடுவது போல அதைக் கீழே போட்டாள். கீழே போட்டதும், "அய்யய்யோ" என்று மறுபடி எடுத்துக்கொண்டாள்.

இதற்கு மேல் என்ன செய்வதென்று பூசாரிக்கும் தெரியவில்லை. ஆத்தா சப்பரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவரோரம் நின்ற அந்தப் பெண்தான் முதலில் வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள், மடியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். அம்மா போனாள். அவளுக்குப் பின்னால் லேபிள் ஒட்டுகிற மற்றப் பெண்கள், அவர்களுக்கு அந்த வேலை பழக்கம்தானே. பிறகு கொட்டுக்காரர்கள் கொட்டை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். காட்டுக்காரர்கள் வந்தார்கள். கடைசியில் தலைவரும் குனிந்தார். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பொறுக்கினார்.

சிறுசுகள் எங்களுக்கெல்லாம் அது விளையாட்டு. கிழிந்த துண்டுகளை வைத்து முழு ஆத்தாளைச் சேர்க்கிறவன் ஜெயித்தவன் என்று வைத்துக்கொண்டோம். எனக்கு ரெண்டு கண்ணும் கிடைத்தன. வாய் கிடைக்கவில்லை. "வாய் வச்சிருக்கவன் எவன்லே?" என்று கத்திக்கொண்டு ஓடினேன். மாமாவும் எங்களோடு உட்கார்ந்து பொறுக்கினார். மேலே இருந்து பார்த்திருந்தால், அன்றைக்கு நெற்றி தரையில் தட்டக் குனியாத ஆள் நம் ஊரில் ஒருத்தரும் இல்லை.

பொறுக்கினதை எல்லாம் கொட்ட ஒரு சாக்கு நிறைந்தது. இப்போது சாக்கை என்ன செய்வது? எரிக்கலாமா? மருந்து ஒட்டியிருக்கிறது, தீ ஆகாது, அதோடு ஆத்தாளுக்கு இரண்டாவது தடவையும் தீ வைப்பதா? தண்ணீரில் கரைக்கலாமென்றால் பங்குனியில் கண்மாய் வெடித்துக் கிடந்தது. குடிக்கிற கிணற்றில் போட முடியாது. குப்பையில் போடச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. "நான் கொண்டுபோறேன்" என்று மாமா சாக்கைத் தோளில் தூக்கினார். சாத்தூர் பஸ் வந்துகொண்டிருந்தது. ஏறிவிட்டார். வைப்பாற்றில் எங்கோ குழியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்ததாம், அதில் தாள் ஊறிக் கூழாகிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாராம்.

அவர் போனதும் பூசை நடந்தது. தரை பளிச்சென்று இருந்தது. விழுவதற்கு எவ்வளவோ இடம் இருந்தது. விழ வேண்டிய ஆள்தான் இல்லை. சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது, வா வந்து விழு என்று யாரும் கூப்பிடவில்லை. அவரும் போகவில்லை. நான் மனசுக்குள் மாமா ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். மாமா சொன்னதைத்தானே கடைசியில் எல்லாரும் செய்தார்கள்? ஒருத்தர்கூட அந்தத் தாளை மிதிக்கவில்லையே? பள்ளிக்கூடத்தில் சரியான விடை சொன்னவனுக்குக் கை தட்டுவார்கள். அந்த மாதிரி ஒன்றை நான் எதிர்பார்த்தேன்.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில், நாங்கள் கொடுத்த பரிசச் சேலை, மடிப்புக் கலையாமல். அய்யா பாய் விரித்தார். அவர் உட்காரவில்லை.

"அவன் விழலையே" என்றார்.

"அவன் சொன்னதுல தப்பு என்ன மாமா? நீங்களே சொல்லுங்க" என்றார் அய்யா.

தலைவர் சேலை மடிப்பைத் தடவிவிட்டார். "தப்புன்னு நான் சொல்லலையே" என்றார். "அம்புட்டுப் பேரையும் குனிய வச்சுட்டான்யா. எம் மகளையும்."

சேலையை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து என்னைக் கூப்பிட்டு, மாமா அன்றைக்குச் சொன்ன வார்த்தையை நான் என்றைக்கும் எங்கேயும் சொல்லக் கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அடுத்த மாசமே மாமா சிவகாசியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அங்கே கல்யாணம் ஆனது, உங்கள் சிவகாசிப் பாட்டி வந்தார்கள், அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஊருக்கு மட்டும் வரவில்லை. அந்தப் பெண்ணைக் காரியாபட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். அவள் போவதற்கு முன் ஒரு நாள் கடைத்தெருவில் எதிரே வந்தாள். எனக்கு வாய் வரை வந்துவிட்டது, அத்தை என்று. கூப்பிடலாமா கூடாதா என்று தெரியவில்லை. வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. சும்மா நின்றேன். அவளும் நின்றாள். அவளிடம் அன்றைக்கு மிட்டாய் இல்லை போல. கன்னத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். ஜெயித்த மாமாவுக்கு ஏன் எல்லாம் போயிற்று என்பதை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் யார் சொல்லியிருப்பார்கள்?

கம்பெனியில் அந்த லேபிளை நிறுத்திவிட்டார்கள். பெண்கள் ஒட்ட மாட்டோம் என்றுவிட்டார்களாம். அடுத்த வருசம் கிளிப் படம் வந்தது. "இப்பக் கிளி கழுத்தக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன் மருமகனே" என்றார் மாமா. பெரியவனான பிறகு நான் ஒரு தடவை அவரிடம் கேட்டேன். "மாமா, அன்னைக்கு நெசமாவே எடம் இல்லையா, இல்ல, வேணும்னே செஞ்சீகளா?" அவர் லேபிள் கட்டைத் தட்டிச் சரி பண்ணிக்கொண்டே, "பாத்தேன், எடம் இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மற்ற சாமி படம் போட்ட வெடிகள் இன்னும் வருகின்றன. நம் வீட்டுக்கு வருவதை நான் உரித்துவிடுகிறேன். நீங்களும் உரிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. உரித்ததை ஒரு பையில் போட்டு வைத்து, தாத்தா காலண்டர் கொண்டு வரும்போது கொடுத்து அனுப்புகிறேன். அவர் ஏன் என்று கேட்பதில்லை.

இந்தப் பங்குனிக்கு ஊருக்குப் போயிருந்தோம் அல்லவா? பொங்கல் முடிந்த மறுநாள் மத்தியானம் நீங்கள் ஐஸ் வண்டிக்கு ஓடினீர்கள், நான் கோயில் பக்கம் நடந்தேன். சுவரில் புதுசாகப் பெயின்ட் அடித்து எழுதியிருந்தது: சாமி படம் உள்ள வெடிகளைக் கோயில் எல்லைக்குள் வெடிக்கக் கூடாது, இது நம் ஊரின் காலங்காலமான கட்டுப்பாடு, விழாக் கமிட்டி. பந்தக்கால் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு இளவட்டத்திடம், இது எப்போதிருந்து என்று கேட்டேன். "பூட்டன் காலத்துல இருந்தே இப்படித்தாண்ணே. ஆத்தாவ மிதிக்கக் கூடாதுல்ல? மத்த ஊரு மாதிரி கிடையாது நம்ம ஊரு" என்றான் பெருமையாக. யார் சொல்லி வந்தது என்று கேட்டேன். "யாரு சொல்லணும்? அதெல்லாம் ஆத்தா சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டுப் பந்தக்காலைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

தெருவில் ஆள் இல்லை. நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவுக்குள் இருட்டில் ஆத்தா மூக்குத்தி மட்டும் தெரிந்தது, ஓவியர் வரைந்த அளவுக்குப் பெரிசு இல்லை. மாமா நின்ற இடம் எனக்கு நன்றாகத் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே போய் நின்றேன். அம்மா என்னிடம் சத்தியம் வாங்கின அந்த வார்த்தையை, முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரை, ஆத்தாளைப் பார்த்துச் சொன்னேன். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். பிறகு, காது அடைத்தவன் சொல்வது மாதிரி, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லி முடித்தேன்.

கொஞ்ச நேரம் நின்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு, நீங்கள் நின்ற ஐஸ் வண்டிப் பக்கம் வந்தேன்.